கிணற்றுக்கு எண் மூன்று

இயங்குதளம் என்றொரு நாடு. அதன் குடிகளுக்கு நிரலர் என்று பெயர். நாட்டின் ஒரே கிணற்றை வெட்டியவர்கள் அவர்கள்தான். கண்ட கை பட்டால் தண்ணீர் கெட்டுவிடும் என்று முதல் அரசாணை கிணற்றைச் சுற்றி மதில் எழுப்பியது.

இரண்டாம் ஆணை மதிலில் ஒரு சன்னல் வைத்தது. வேண்டியதைச் சொல்லால் கேட்கக் கூடாது, எண்ணால் கேட்க வேண்டும். தண்ணீருக்கு எண் மூன்று. மூன்றாம் ஆணைப்படி, எண் சொன்னவர் கண்ணைக் கட்டிக்கொண்டு, தைலத் துணியை முகர்ந்து நினைவிழக்க வேண்டும். அதற்குள் அரசனின் ஆட்கள் இறைத்துத் தருவார்களாம். விழித்ததும் உள்ளங்கை எரியும். அது அரசனின் கருணைச் சூடு என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ய வைத்தார்கள்.

நிரலர் குடியில் பவுனு என்றொருத்தி. அவள் மகளுக்குக் காய்ச்சல். பற்றுப் போட மஞ்சள் அரைத்த கையோடு சன்னலுக்கு ஓடி வந்தாள்.

"ஐயா, புள்ளைக்கு நாக்கு வறண்டு கெடக்கு. ஒரு கொடம் தண்ணி."

"சொல் செல்லாது. எண்?" என்றார் சன்னல் அதிகாரி பரமநாயகம்.

"மூணு. மூணு சாமி!"

"மூன்றும் மூன்றும் ஆறு. ஆறு என்றால் கதவடைப்பு. வரிசையின் கடைசிக்குப் போ."

அரை நாள் போனது. மறுபடி முன்னால் வந்து ஒரே ஒரு முறை "மூணு" என்றாள். துணி வந்தது. விழித்தபோது கையில் கால் குடம் தண்ணீர். சன்னலுக்குள் தொங்கிய கிணற்றுக் கயிறு கண்ணில் பட்டது. அதன் நீளத்துக்கும் மஞ்சள் கைத்தடம்.

"ஐயா, கயித்துல இருக்கறது யாரு கை?"

"பார்த்தது குற்றம், எண் பதினான்கு. குடம் பறிமுதல்."

பவுனு நகரவில்லை. "மூணு" என்றாள். துணி வந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டாள். சன்னலுக்குப் பக்கத்தில் மதிலில் ஒரு கதவு திறந்தது. கண்கட்டை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உள்ளே போனாள்.

அங்கே அரசனின் ஆள் ஒருவனும் இல்லை. பக்கத்து வீட்டுச் சடையன் கண்கட்டோடு, தைல மயக்கத்தில், தூக்கத்தில் நடப்பவனைப் போல இறைத்துக்கொண்டிருந்தான். அவன் இறைத்த நாலு வாளியில் மூன்று, வாய்க்கால் வழியே அரண்மனைக் குளியலறைக்கு ஓடியது.

ஒரு வாளி நிறைய இறைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அடியே! யாருடி உனக்கு அனுமதி குடுத்தது?" என்று கத்தினார் பரமநாயகம்.

"எறைச்சது நான். குடுக்கறதுக்கு நீ யாருடா?"

மகள் வயிறு முட்டக் குடித்தாள்.

மறுநாள் காலை, சன்னல் வரிசையின் முன் முரசறைந்து நான்காம் ஆணையை அறிவித்தார்கள்: நாட்டில் இனி யாரும் மஞ்சள் அரைக்கக் கூடாது.

கேட்டவர்கள், ஒவ்வொருவராக, உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்கள்.