தோலோடு ஒரு திராட்சை

வாழ்க, பதினான்கு மாடி ஏறியிறங்கும் இரும்புக் கூண்டுகளை ஒற்றை ஸ்பானரால் அடக்கியாளும் லிப்ட் மெக்கானிக்! வாழ்க, கம்பிவடத்தில் தொங்கியும் கலங்காத நெஞ்சர், கருந்திராட்சைத் தோலைக் கண்டால் மட்டும் கதிகலங்கும் கோமகனார்! பெற்றவள் உரித்துக் கொடுத்தாள். மணந்தவள் இருபத்திரண்டு ஆண்டுகளாக உரித்துக்கொண்டிருக்கிறாள். ஆப்பிளை மட்டுமன்று, திராட்சையையும்; ஒவ்வொன்றாக, நகத்தால்.

அத்தகைய மாவீரரின் இதயத்துக்குப் போகும் குழாய்களில் ஒன்று பாதி அடைபட்டுவிட்டதாக ஆஞ்சியோ படம் காட்டிற்று. மாத்திரை எழுதிய மருத்துவர் சாப்பாட்டைப் பற்றியும் விசாரிக்க, பழம் உரிபடும் வரலாற்றை வீரரே பெருமை பொங்க எடுத்துரைத்தார்.

“அட, ரத்தக் குழாய்க்கு நல்லது செய்யற சத்து அந்தக் கறுப்புத் தோல்லதாங்க நிறைய இருக்கு. அதையா குப்பையில போடறீங்க? மாத்திரையையும் விடாதீங்க, தோலையும் விடாதீங்க.”

மறுநாள் காலை சமையலறை மேசை போர்க்களமாயிற்று. வெண்தட்டின் நடுவே, அரண்சூழ்ந்த கருங்கோட்டைபோல், கழுவிய நீர் சொட்டச்சொட்ட நின்றது ஒற்றைத் திராட்சை. எதிரே வியர்வைபூத்த நெற்றியர், தண்ணீர் குடிப்பதும் கைப்பேசியைப் புரட்டுவதுமாகப் பின்வாங்கிப் பின்வாங்கி, இறுதியில் மேசை அதிர முழங்கினார்:

“உயிரே போனாலும் இதைத் தோலோட முழுங்க மாட்டேன்!”

“அதுதாம்பா போகப் பார்க்குது” என்றாள், காலுறை தேடிக்கொண்டிருந்த மகள்.

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரம் மூன்றாம் மாடிப் படியில் மார்பைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்ததை அவள் ஒருத்திதான் பார்த்திருந்தாள். எண்ணத்தை உதறிவிட்டுக் குனிந்தவள் திடுக்கிட்டாள். கிண்ணத்தில் கழுவி வைத்திருந்த அடுத்த திராட்சையின் தலையில் அவளுடைய கட்டைவிரல் நகம் ஏற்கெனவே இறங்கியிருந்தது. யாரும் ஏவாமலே புறப்பட்ட படை! இத்தனை காலம் இவரையா குழந்தை என்று ஏளனம் செய்தோம்? உரிக்காவிட்டால் இந்த மேசையில் தனக்கு என்ன வேலை என்று பயந்த கை அல்லவா இது? தன்மேல் வந்த இகழ்ச்சி அவருக்கென்று வைத்திருந்ததைவிடக் கசப்பாக இருந்தது. இரு கைகளையும் மடியில் இறுகக் கோத்துக்கொண்டாள்.

“இனிமே நான் உரிக்கிறதா இல்லைங்க. சாப்பிட்டா சாப்பிடுங்க.”

கோமகனார் தட்டைப் பார்த்தார். பூட்டிக்கிடந்த அந்தக் கைகளை நெடுநேரம் பார்த்தார். பின், ஆழ்கடலில் குதிப்பவர்போல் மூச்சடக்கி, கண்மூடி, கருங்கோட்டையை வாய்க்குகைக்குள் வீசினார். பல்வரிசைகள் இருபுறமும் பாய்ந்தன, மதில் பிளந்தது, செந்நீர் பெருகிற்று, தொண்டைக்குழி ஒருமுறை மலைபோல் எழுந்து தாழ்ந்தது.

“கொஞ்சம் புளிக்குது” என்று சொல்லிவிட்டு இன்னொன்றை எடுத்தார்.