அரைப்பேர் மாப்பிள்ளை இமயமலைக்குப் புறப்பட்ட கதை

எதையும் சந்தேகப்படுகிற மனிதனுக்கு ஒரு குருட்டு நம்பிக்கை உண்டு. தன்னை மட்டும் யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பான். என்னை வைத்துத்தான் சொல்கிறேன். பஸ்ஸில் மிச்சக் காசு கேட்காமலே சரியாக வந்துவிட்டால், கொண்டக்டர் ஏன் இன்றைக்கு இவ்வளவு நல்லவனாக இருக்கிறான் என்று இறங்கும்வரை யோசிக்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன் இமயமலைக்குப் போக முடிவெடுத்தால் அதை வீட்டில் சொல்வானா? நான் சொல்லவில்லை.

ஆரம்பித்து வைத்தவன் ரிஸ்வி. கண்டியில் ஒரு காப்புறுதி (இன்சூரன்ஸ்) நிறுவனத்தில் அவனுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. நேபாளத்துக்குப் போய், பனிமலை அடிவாரத்து முகாம்வரை நடந்துவிட்டுத் திரும்புவது என்று திட்டம். அடிவாரம் என்ற சொல்லைக் கேட்டு நான் ஏமாந்து போனேன். அந்த அடிவாரமே நம் நாட்டிலேயே உயரமான பிதுருதலாகலை உச்சியைவிட உயரத்தில் இருக்கிறது என்பதை, நான் காசு கட்டிய பிறகுதான் சொன்னான்.

"அதெல்லாம் லேசு மச்சான். மூணு மாசம் பாரத்தத் தூக்கிட்டு மல ஏறிப் பழகினாப் போதும். பயப்புட ஒண்டுமில்ல. நான் ஈக்கிறேன் தானே" என்றான். (அவன் இருப்பதுதான் என் பயமே. இவனுக்கு இதில் ஏதாவது கமிஷன் இருக்குமோ என்று ஒரு கிழமை முழுக்க அவனுடைய போன் பேச்சை ஒட்டுக் கேட்டேன். அவன் மனைவியிடம் மீன் விலைதான் பேசினான்.)

வீட்டில் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. என் மனைவி கலாவின் தங்கை சுகந்திக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடங்கள் பேச்சோடு நின்றுபோய், மூன்றாவதாகக் கெலிஓயாவில் ஒரு ஆசிரியர் அமைந்திருந்தார். படத்தைப் பார்த்தே சுகந்திக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. இதுவும் தட்டிப்போனால் இனி யாரையும் பார்க்க வேண்டாம் என்று அக்காவிடம் அழுதிருக்கிறாள். அந்த நேரத்தில் மூத்த மருமகன் பனிமலை ஏறப் போகிறான் என்று தெரிந்தால், தெல்தோட்டையில் இருக்கும் என் மாமனார் முதல் பஸ்ஸிலேயே குண்டசாலையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கிவிடுவார். டிக்கெட் கைக்கு வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மாமனார் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, இரண்டு பெண்களையும் படிக்க வைத்து, கடைசியில் தெல்தோட்டையில் சின்னதாக ஒரு வீடும் கட்டியவர். ஊரில் என்னைப் பற்றி அவர் பேசும் பெருமை ஒன்றே ஒன்றுதான். "எங்க மருமகன் கதிரையில ஒக்காந்து வேல பாக்குறவரு." என் பெயரைக்கூட அவர் அத்தனை தடவை சொன்னதில்லை.

பயிற்சி தொடங்கியது. விடிவதற்கு முன் பழைய களிசானை மாட்டிக்கொண்டு, பாரப் பையோடு வீட்டை விட்டுக் கிளம்பி, ஹந்தானை மலைப் பக்கம் ஏறி இறங்குவேன். பிறகு ஆபீஸுக்குப் போய் முகம் கழுவி, அங்கே வைத்திருக்கும் நல்ல உடுப்பைப் போட்டுக்கொள்வேன். மாலையில் மறுபடி பழைய களிசான். பாரத்துக்குக் கல் வைத்தால் பை கிழிந்துவிடும் என்று ரிஸ்வி சொன்னதால், குசினியில் இருந்த அரிசியில் பன்னிரண்டு கிலோவைப் பையில் போட்டுக்கொண்டேன். மாலையில் வந்து சத்தமில்லாமல் திரும்பக் கொட்டிவிடுவேன். இது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். அரிசி காலையில் காணாமல் போய் மாலையில் வீடு திரும்புவதை எந்த மனைவிதான் கவனிக்காமல் இருப்பாள்?

சனிக்கிழமைகளில் இன்னும் செங்குத்தான ஏற்றம் தேவைப்பட்டது. அதற்குத் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களைத் தேர்ந்தெடுத்தேன். (ஆமாம், மாமனாரின் ஊர்தான். அவர் வீடு சந்திக்கு அந்தப் பக்கம், தோட்டம் இந்தப் பக்கம், யார் பார்க்கப் போகிறார்கள் என்ற மேலான அறிவு.) ஒரு நாள் கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்த ஓர் அக்கா என்னை நிறுத்தினார்.

"தம்பி, மூட்டையத் தூக்கிக்கிட்டு இவ்ளோ வெள்ளனா எங்க போறீங்க?"

இவர் ஏன் கேட்கிறார், யார் அனுப்பினார்கள் என்று எனக்கு உடனே சந்தேகம். சுருக்கமாக, "மலைக்கு" என்றேன்.

அந்த ஒரு சொல்தான் என்னைக் கவிழ்த்தது. தோட்டத்தில் மலை என்றால் கொழுந்து எடுக்கிற இடம். மலைக்குப் போவது என்றால் தோட்ட வேலைக்குப் போவது. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் கண்டி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். அந்த மாதங்களில் என் தலைக்குள் இருந்ததும் ஒரே ஒரு மலைதான். என்னை அடையாளம் தெரிந்துகொண்ட அந்த அக்கா மத்தியானத்துக்குள் என் மாமனாரிடம் செய்தியைச் சேர்த்துவிட்டார். ஒங்க மருமகன் மலைக்குப் போறாரு.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாமே மர்மமாகிவிட்டது. கலா கேட்காமலே இரண்டாவது தடவை தேத்தண்ணி ஊற்றினாள். தனக்குப் புதுச் சாரி வேண்டாம் என்றாள். கல்யாணமாகி ஏழு வருடத்தில் கேட்டிராத வாக்கியம் அது. நான் அறைக்குள் நுழைந்தால் போனை வைத்துவிடுவாள். ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னாங்க, ஒங்களுக்கு ஒண்ணும் பிரச்சின இல்லியே?"

"எனக்கென்ன பிரச்சின?"

"இல்ல, எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லலாம். அந்த அரிசி... விக்கவா கொண்டு போறீங்க?"

"அரிசியா? என்ன அரிசி?" என்றேன். பொய் சொல்லும்போது கேள்வியைத் திருப்பிக் கேட்பது என் வழக்கம். அவள் கண்கலங்கி எழுந்து போனாள். இமயமலைத் திட்டம் வெளியே வந்துவிட்டது, என் வாயாலேயே வரவழைக்கப் பார்க்கிறாள் என்று முடிவு செய்தேன்.

அடுத்த கிழமை மாமனாரே வந்துவிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கொண்டுவந்த பையிலிருந்து தன்னுடைய பழைய கறுப்புக் கம்பளியை எடுத்து என் மடியில் வைத்தார்.

"மாப்ள, மலையில குளுரும் மழையும் தாங்காது. இதப் போட்டுக்குங்க. காலுக்கு நல்லா சவுக்காரம் பூசிக்குங்க, அட்ட ஏறாது."

அவருக்கும் தெரிந்துவிட்டது! ஆனால் ஏன் தடுக்கவில்லை? ஏன் ஒரு சொல் கடுமையாகப் பேசவில்லை? போ, போ என்று கம்பளியும் கொடுத்து அனுப்புகிறாரே? மறுநாள் ஆபீஸுக்குப் போய் முதல் வேலையாக என்னுடைய ஆயுள் காப்புறுதியை எடுத்து, அதில் யாராவது ஏதாவது மாற்றியிருக்கிறார்களா என்று பார்த்தேன். (இதை இன்றுவரை கலாவிடம் சொல்லவில்லை. இப்போது வாசித்திருப்பாள்.)

இதற்கிடையில் மாத்திரை விஷயம் வேறு. உயரத்தில் தலைசுற்றாமல் இருக்க டொக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைச் சட்டைப் பையிலேயே மறந்துவிட்டேன். கலா அதைப் பாமசிக்குக் கொண்டுபோய்க் காட்ட, அங்கே நின்ற பெண் "இது கண்ணுல அழுத்தம் கூடினா குடுக்கிறது" என்று சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதும் பொய்யில்லை. அதற்கும் அதே மாத்திரைதான். அத்தோடு அவர்கள் பக்கத்தில் வழக்கு முடிந்துவிட்டது (இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும்). எனக்குக் கண் மங்கிவிட்டது, அதனால் ஆபீஸில் நிறுத்திவிட்டார்கள், வெட்கத்தில் வெளியே சொல்லாமல் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போகிறேன். தடயங்கள் அத்தனையும் பொருந்தின. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் நம்பியிருப்பேன்.

கெலிஓயாக்காரர்கள் பெண் பார்க்க வந்த நாள் விடிந்தது. தெல்தோட்டை வீட்டில் மாப்பிள்ளையும் அவருடைய பெற்றோரும் முன்னறையில் இருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா தோட்டத்தில் பிறந்து, பிறகு கெலிஓயாவில் ஹாட்வெயார் கடை போட்டு முன்னுக்கு வந்தவர். ஆணியைக்கூட வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து விற்கிறவர் போன்ற பார்வை. எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. என் இனம்.

கலா தேத்தண்ணியைக் கொண்டுவந்து மற்றவர்களுக்குத் தட்டை நீட்டினாள். எனக்கு மட்டும் கையைப் பிடித்துக் கோப்பையை விரல்களுக்குள் வைத்து, "சூடு, பாத்து" என்றாள். மாப்பிள்ளையின் அப்பா, அந்தக் கெலிஓயாக்காரர், அதைக் கவனித்தார்.

"மூத்த மருமகன் இன்சூரன்ஸ்ல இருக்கிறதாக் கேள்விப்பட்டோம்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். முகம் இறுகியிருந்தது.

"முந்தி இருந்தாருங்க. இப்ப மலைக்குப் போறாரு. ஒளிச்சி மறைச்சிப் பொண்ணு குடுக்கிற பழக்கம் எங்களுக்கு இல்ல. நாங்க எல்லாருமே மலைக்குப் போயி வந்தவங்கதான். அதுல கேவலம் ஒண்ணுமில்ல."

முந்தி இருந்தேனா? அந்தச் சொல் கொஞ்சம் இடறியது. ஆனால் சபையில் என் இமயமலைப் பயணத்தை மாமனார் இப்படிப் பெருமையாக அறிவிப்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. நெஞ்சை நிமிர்த்தினேன்.

"ஆமாங்க, மலைக்குத்தான்" என்றேன்.

கெலிஓயாக்காரரின் முகம் கனிந்தது. "நல்லதுங்க. எங்கம்மாவும் சாகுற வரைக்கும் மலைக்குப் போனவதான். புதுசுல கஷ்டமாத்தான் இருக்கும். எத்தன கிலோ எடுக்கிறீங்க?"

"பன்னெண்டு."

"மத்தியானத்துக்குள்ளயா?"

"இல்லீங்க, காலையில இருந்து பொழுது சாயிற வரைக்கும் பன்னெண்டுதான். அதுக்கு மேல முதுகு தாங்குதில்ல."

கெலிஓயாக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அப்ப அரைப்பேருதான் போடுவாங்க" என்றார் மெதுவாக.

(தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். இதை எனக்குப் பிற்பாடு சொல்லிக்கொடுத்தார்கள்.) அந்த நிமிடத்தில் எனக்கு விளங்கியது ஒன்றுதான். எங்கேயோ என் பெயரைப் பாதியாக எழுதப் போகிறார்கள்.

"இல்லீங்க, பாஸ்போட்டுல முழுப் பேரும் இருக்கு" என்றேன்.

"பாஸ்போட்டா? மலைக்குப் போக எதுக்குங்க பாஸ்போட்?"

"பாஸ்போட் இல்லாம எப்பிடி நேபாளத்துக்குள்ள விடுவாங்க?"

அதற்குப் பிறகு நடந்தது விசாரணை. கெலிஓயாக்காரர் கேட்கக் கேட்க நான் பதில் சொன்னேன். வேலை இருக்கா? இருக்கு. கண்ணு தெரியுமா? நல்லாத் தெரியும். அப்ப அரிசி மூட்டையத் தூக்கிக்கிட்டு ஏன் ஏறுறீங்க? பழகுறதுக்கு. எதுக்குப் பழகணும்? இதவிடப் பெரிய மலையில ஏறுறதுக்கு. அங்க என்ன தருவாங்க? ஒண்ணும் தரமாட்டாங்க, நாமதான் காசு கட்டணும். கலா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலை போகவில்லை என்ற சந்தோஷமும் என்னைக் கொன்றுவிடும் ஆத்திரமும் ஒரே முகத்தில் இருந்தன.

கெலிஓயாக்காரரின் முகத்தில் இரக்கம் வடிந்துபோய் வேறொன்று ஏறியது. அது எனக்குப் பழக்கமான பார்வை. கண்ணாடியில் தினமும் பார்ப்பது.

"காசும் கட்டி, லீவும் போட்டு, சொமையும் தானே தூக்கிக்கிட்டு மல ஏறப் போறாரு" என்று மனைவியிடம் சொன்னார். பிறகு மாமனார் பக்கம் திரும்பி, "தப்பா நெனைக்காதீங்க. கேக்காம இருக்க முடியல. குடும்பத்துல வேற யாருக்காச்சும் இந்த மாதிரி...?" என்று நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டினார்.

உள்ளறைத் திரைக்குப் பின்னால் சுகந்தியின் வளையல் சத்தம் கேட்டது. மாப்பிள்ளைப் பையன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வேலை போன மருமகனை ஏற்றுக்கொண்ட மனிதர், வேலை இருக்கிற மருமகனால் எழுந்து போகப் போகிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் பெண்ணின் வாழ்க்கையை ஒரு பை அரிசியால் கெடுத்துவிட்டேனே என்று அழுகை முட்டியது.

மாமனார் தொண்டையைச் செருமினார்.

"நேத்திக்கடன்" என்றார்.

"என்னாங்க?"

"சின்ன மகளுக்கு நல்ல எடம் அமையணும்னு வேண்டிக்கிட்டாரு. சிவன் இருக்கிற மலைக்கே சொமையோட நடந்து வாறேன்னு. வெளிய சொன்னாப் பலிக்காதுன்னு மறைச்சிட்டாரு."

ஒளிச்சி மறைச்சிப் பெண் கொடுக்காத அதே மனிதர். தேத்தண்ணி ஆறுவதற்குள்.

கெலிஓயாக்காரர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மைத்துனிக்காக இப்படி ஒரு நேர்த்தி வைக்கிற மனுசனை இந்தக் காலத்தில் எங்கே பார்ப்பது என்றார். சம்பந்தம் அந்த இடத்திலேயே முடிவாயிற்று. திரைக்குப் பின்னால் சுகந்தி விம்மினாள். நானும் விம்மினேன், ஏனென்றால் கெலிஓயாக்காரர் தொடர்ந்து, "எங்க பேர்லயும் ஒரு தேங்கா ஒடைச்சிருங்க" என்றார். அதைக் கேட்டு மற்றச் சொந்தக்காரர்களும் ஆளுக்கொரு தேங்காய் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாமனார் எனக்கு மாலை போட்டுவிட்டார். புறப்படும்வரை மீன் இல்லை, இறைச்சி இல்லை, சவரமும் இல்லை. விமான நிலையத்தில் என் தாடியையும் பை நிறையத் தேங்காய்களையும் பார்த்த அதிகாரி, ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

மலையில் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை போட்டும் பாதி வழியில் என் தலை வெடிப்பது போல் வலித்தது. வழிகாட்டி என்னை அதற்கு மேல் விடவில்லை. நின்ற இடத்திலேயே எல்லார் பேரையும் சொல்லித் தேங்காய்களை உடைத்தேன். வாடகைக்கு எடுத்த குளிர்ச் சட்டைக்குள் காற்று புகுந்தபோது, மாமனாரின் கறுப்புக் கம்பளிதான் என்னைக் காப்பாற்றியது. ரிஸ்வி தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டே, "மச்சான், கொச்சிக்காத் தூள் கொண்டு வரல்லயா? சம்பலாவது அடிச்சீக்கலாம்" என்று மிளகாய்த்தூளுக்கு ஏங்கினான்.

சுகந்தியின் கல்யாணப் பந்தியில் கெலிஓயாக்காரர் எல்லாருக்கும் கேட்கும்படி விசாரித்தார். "என்னா மாப்ள, உச்சி வரைக்கும் போனீங்களா?"

"பாதி வரைக்குந்தாங்க."

"அப்ப அரைப்பேருதான்!" என்றார். பந்தியே சிரித்தது. அன்றிலிருந்து இரண்டு குடும்பத்திலும் என் பெயர் அதுதான். சுகந்தியின் மகன் என்னை அரைப்பேர் பெரியப்பா என்றே கூப்பிடுகிறான்.

ஒரு தடவை மாமனாரிடம் கேட்டேன். "வேல போச்சுன்னு நெனச்சீங்களே மாமா, எங்கிட்டயே ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான் மாப்ள" என்றார். அவர் சந்தேகப்பட்டுக் கம்பளி கொண்டுவந்தார். நான் சந்தேகப்பட்டுக் காப்புறுதியைத் திறந்து பார்த்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இன்றைக்கும் மாதத்துக்கு ஒரு தடவை அவரிடமிருந்து போன் வரும்.

"மாப்ள, மறுபடி மலைக்குப் போறீங்களா?"

"இல்ல மாமா. ஆபீஸ்ல லீவு தரமாட்டாங்க."

"தரமாட்டாங்களா? நல்லது, நல்லது" என்று நிம்மதியாகப் போனை வைத்துவிடுவார். எனக்கு இன்னும் வேலை இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் எடுக்கிறார் என்பது என் சந்தேகம்.