ஆறு ஆண்டுகளாக யாரும் தொடாத டிரைவர்

பேரன்புக்கு உரியவனாக இருந்திருக்க வேண்டிய தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தானும் நலம். அங்கே உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருக்கட்டும். உன் நலத்தைப் பற்றிக் கடிதத்தின் முடிவில் யோசித்துச் சொல்கிறேன். இதன் நகல் உன் லிஸ்ட்டில், அதாவது நீங்கள் வேலை பேசிக்கொள்ளும் மின்னஞ்சல் குழுவில், இருக்கும் அத்தனை பெரிய மனிதர்களுக்கும் போகப்போகிறது. அவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். தெரிந்ததில் எவ்வளவு உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது என்பதும் எனக்குச் சந்தேகம்தான்.

எனக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. இருபத்தெட்டு வருஷமாகப் பிரெய்ல் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். என் விசைப்பலகைக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கிறது. திரையில் உள்ள வரியை நாற்பது கட்டங்களில் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும், நான் விரலால் தடவிப் படிப்பேன். பெட்டி பழசு என்பதால் நேராகக் கணினியில் சொருக முடியாது, நடுவில் ஒரு ஒயர் வேண்டும், அந்த ஒயரின் தலைக்குள் ஒரு சில்லு, அந்தச் சில்லோடு கணினி பேசுவதற்கு ஒரு சின்ன நிரல். அந்த நிரலுக்குப் பெயர் டிரைவர். உன் அத்தான் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், டிரைவர் சரியில்லை என்று நான் சொல்லும்போதெல்லாம் இன்றைக்கும் திரும்பிப் பார்க்கிறார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அந்த டிரைவரை எழுதியவன் நீ. அதுதான் உன் முதல் டிரைவர். உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் அந்த இயங்குதளத்தின் அடிவயிறு, நீங்கள் கெர்னல் என்று சொல்வது, அதற்குள் உன்னுடைய அறுநூற்றுப் பன்னிரண்டு வரியும் ஏறிய அன்று எனக்குப் போன் செய்து அழுதாய். இன்று அதில் ஒரு பகுதிக்கு நீ தலைவன். எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று நீ சொன்னால் சரி. நீ பெரிய மனிதனாக வேண்டும் என்று நாங்களும்தான் ஆசைப்பட்டோம். இவ்வளவு பெரிய மனிதனாவாய் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் அளவோடு ஆசைப்பட்டிருப்போம்.

ஏழு வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலையில் அச்சகக் கணினிகளில் புதுப் பதிப்பை ஏற்றினார்கள். ஏற்றியவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'சரியாயிடும்'. எதைக் கேட்டாலும் அவர் சொல்லும் பதில் அதுதான். என் பெட்டியைத் தொட்டேன், மெழுகிவிட்ட தரை மாதிரி நாற்பது கட்டமும் வழவழவென்று கிடந்தது. "சரியாயிடும்" என்றார். மூன்று முறை அணைத்துப் போட்டார், ஒயரைக் கழற்றி ஊதினார், பழைய பதிப்பையே திருப்பிப் போடுங்கள் என்றால் "அது பாதுகாப்பு இல்லைன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க மேடம்" என்றார். அப்போது மேலாளர் வந்தார். என் மேஜையில் பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகம் இருந்தது. பள்ளி திறக்கும் நாளுக்குள் அது பிள்ளைகள் கைக்குப் போக வேண்டும். "அதான் கம்ப்யூட்டரே வாசிச்சுக் காட்டுதே மேடம், கேட்டுக்கிட்டே திருத்துங்களேன்" என்றார். ஒரு புள்ளி விடுபட்டால் கூட்டல் கழித்தலாகிவிடும், வாசிக்கிற குரல் மூலத்தை வாசிக்குமே தவிரப் புள்ளியை வாசிக்காது என்று சொன்னேன். பிறகு ரொம்ப மென்மையாக, "அப்ப கண்ணு தெரிஞ்ச ஒருத்தரைப் போட்டுப் பார்க்கலாமா" என்றார். அந்த மனிதர் மென்மையாகப் பேசி இரண்டு பேர் வேலையை விட்டுப் போனதை நான் அறிவேன்.

அன்றே உனக்குப் போன் செய்தேன். நீ ஏதோ கூட்டத்தில் இருந்தாய்.

"அக்கா, லிஸ்ட்டுக்கு எழுது. தனியா என்கிட்ட சொன்னா நான் எடுத்துக்கக் கூடாது. எல்லாருக்கும் ஒரே விதி."

"எந்த ஒயர்னு கூடக் கேக்க மாட்டியா?"

"லிஸ்ட்ல எழுதுக்கா."

வைத்துவிட்டாய். சரி, விதியாயிற்றே என்று அச்சகத்தின் பொது முகவரியிலிருந்து, 'மெய்ப்புப் பிரிவு' என்று கையெழுத்திட்டு, லிஸ்ட்டுக்கு எழுதினேன். யாரோ ஒரு புண்ணியவான் என்னை ஐயா என்று விளித்துப் பதில் போட்டார். பழைய பதிப்புக்கும் புதுப் பதிப்புக்கும் நடுவில் எட்டாயிரம் மாற்றங்கள் இருக்கின்றனவாம், சரிபாதியில் பிளந்து அந்த இடத்தில் பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமாம், பிறகு கெட்ட பாதியை மறுபடியும் பிளக்க வேண்டுமாம், கடைசியில் ஒரே ஒரு மாற்றம் மிஞ்சுமாம், அதுதான் குற்றவாளியாம். பதின்மூன்று முறை பிளந்தோம். பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்தேன், வீட்டுக் கணினியில் ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். பெட்டி செத்துப்போகும் சமயங்களில் உன் அத்தான்தான் திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"என்ன போட்டிருக்கு?"

"ஃபெயில்டுன்னு போட்டிருக்கு."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி நிறைய போச்சு. எங்கயும் நிக்கல."

நான்கு நாள் லீவு போட்டு இப்படியே ஓட்டினோம். பதின்மூன்றாவது முறை குற்றவாளி அகப்பட்டான். அறுநூற்றுப் பன்னிரண்டு வரியையும் ஒரே வீச்சில் நீக்கிய மாற்றம். கீழே உன் கையெழுத்து. காரணமும் எழுதியிருந்தாய். உன் அத்தான் இரண்டு முறை வாசித்தார், முதல் முறை வாசித்ததை நான் நம்பவில்லை: 'இச்சாதனத்தைப் பயன்படுத்துவோர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆறு ஆண்டுகளாக இதை யாரும் தொடவில்லை.' தினமும் எட்டு மணி நேரம் பத்து விரலாலும் தொட்டுக்கொண்டிருப்பவள் என்ன, உன் கணக்கில் காற்றா? கூடப் பிறந்தவளையே இருப்பதாகத் தெரியவில்லை என்று உலகம் பூராவும் படிக்கிற இடத்தில் எழுதி, கீழே முழுப் பெயரையும் போட்டுக்கொள்வதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்.

நீக்கியதைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி, அந்தப் புண்ணியவான் காட்டிய வழியில் ஒரு பேட்ச், அதாவது மாற்ற வேண்டிய வரிகளின் பட்டியல், அனுப்பினேன். திருப்பி அடித்தாய். 'மெய்ப்புப் பிரிவு' என்பது ஒரு ஆள் அல்ல, கையெழுத்து வரியில் உண்மையான பெயர் வேண்டும் என்றாய். வரியின் தொடக்கத்தில் டேப் விசையை ஒரு முறை தட்டியிருக்க வேண்டிய இடத்தில் எட்டு இடைவெளி இருக்கிறது என்றாய். ஒருத்தியின் பிழைப்பு போகிறது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புத்தகம் இல்லை, இவர் உட்கார்ந்து வெற்றிடத்தை எண்ணுகிறார். எண்ணத் தெரிந்தால் ஒழுங்காக எண்ண வேண்டும். பழைய பதிப்பில் பெட்டிக்கு உயிர் கொடுத்து உன் பதிலைத் தடவிப் பார்த்தேன். மூன்று வரிகளின் கடைசியில் தேவையில்லாத இடைவெளி இருந்தது. கண் தெரிந்தவர்களுக்கு அது தட்டுப்படாது, பாவம்.

இரண்டாவது பேட்ச்சில் அப்பா வைத்த பெயரை முழுசாகப் போட்டுக் கையெழுத்திட்டேன். ஒன்பது நாள் உன்னிடமிருந்து மூச்சில்லை. பத்தாம் நாள், யாரோ முன்பின் தெரியாதவளுக்கு எழுதுவது போல ஒரு பதில். சேர்ப்பதில் ஆட்சேபம் இல்லையாம், ஆனால் வேலை நடக்கும்போது ஒயரைப் பிடுங்கினால் மொத்தக் கணினியும் உறைந்துபோகிற கோளாறு அந்த டிரைவரில் தொடக்கத்திலிருந்தே இருக்கிறதாம், அதைத் தீர்க்காமல் ஏற்க இயலாதாம். தொடக்கத்திலிருந்தே என்றால் யார் வைத்த கோளாறு? நீ வைத்தது. குழாய் ஒழுகினால் சரிசெய்யத் துப்பில்லாமல் வீட்டையே இடிக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. மெய்ப்புப் பார்க்கத் தெரியும். திறந்த அடைப்புக்குறி மூடியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் இருபத்தெட்டு வருஷமாக என் வேலை. அறுநூற்றுப் பன்னிரண்டு வரியையும் மூன்று நாள் தடவினேன். முந்நூற்று எண்பத்தெட்டாம் வரியில் ஒரு பூட்டைப் போடுகிறாய். நானூற்று ஒன்றாம் வரியில், ஒயர் போய்விட்டது என்று தெரிந்ததும், பூட்டைத் திறக்காமலேயே வெளியே ஓடிவிடுகிறாய். அடுத்து வருகிறவன் பூட்டு திறக்கும் என்று ஆயுசுக்கும் நிற்கிறான். சின்ன வயதில் குளியலறையிலும், உள்ளே தாழைப் போட்டுவிட்டு ஜன்னல் வழியாக இறங்கி ஓடி, இதையேதான் செய்தாய். ஒரு வரி சேர்த்தேன், தீர்ந்தது. உடனே, இருநூறு முறை ஒயரைப் பிடுங்கிச் சொருகிச் சோதித்து முடிவை அனுப்பவும் என்று எழுதினாய். உன் அத்தான்தான் உட்கார்ந்து பிடுங்கினார். நூற்று முப்பதில் இருக்கும்போது அவருக்கு உன்னிடமிருந்து போன் வந்தது.

"அத்தான், அக்கா கோவமா இருக்காளா?"

"இருக்கா. நான் எண்ணிக்கிட்டு இருக்கேன், விட்டுப்போயிடும். அவகிட்டயே பேசு."

என்னிடம் கொடுத்துவிட்டார்.

"நீ புதுப் பெட்டி வாங்கியிருப்பேன்னு நெனச்சேன்க்கா."

"யார்கிட்ட கேட்டே?"

"யார்கிட்டயும் கேக்கல."

அந்த நேரத்தில் உன்னைத் திட்ட நான் சேர்த்துவைத்திருந்தது எதுவும் எனக்கு வாயில் வரவில்லை. அதற்கு ஈடாகத்தான் இப்போது இவ்வளவு எழுதுகிறேன். "இனிமே கேளு" என்று மட்டும் சொல்லிப் போனை அவரிடமே கொடுத்தேன். எண்ணிக்கை விட்டுப்போய், மனுஷன் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

டிரைவர் உள்ளே போயிற்று. 'சரியாயிடும்' அதை அச்சகத்தில் ஏற்றினார். புத்தகத்தில் நூற்றுப் பதினேழு பிழை பிடித்தேன், பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன் பிரதிகள் போயின. மேலாளர் இப்போது என்னிடம் பழையபடி கடுகடுவென்று பேசுகிறார், நிம்மதியாக இருக்கிறது. ஆனால் நீ சும்மா இருந்தாயா? டிரைவருக்குப் பொறுப்பாளர் என்று ஒரு பெயர் வேண்டும் என்று சொல்லி, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் பெயரைப் போட்டுவிட்டாய். அன்றிலிருந்து கடிதமாக வருகிறது. ஒருவர் மழை அளக்கும் கருவிக்கு இந்த ஒயரைத்தான் வைத்திருக்கிறார், ஒருத்தி ரொட்டிக்கடைத் தராசுக்கு, இன்னொருவர் எதற்கு என்றே சொல்லாமல் வெறுமனே திட்டுகிறார். எவருமே இல்லை என்று நீ சாதித்த ஒயருக்கு இதுவரை பதினான்கு பேர். அந்த வாக்கியத்தையாவது அழித்துவிடு என்றால், "பழைய பதிவை மாத்த முடியாதுக்கா, அது அப்படியேதான் இருக்கும்" என்கிறாய். இருக்கட்டும். உன் பேரப்பிள்ளைகள் படிக்கட்டும்.

இனி உன்னிடம் எனக்கு ஒரு உதவியும் வேண்டாம். டிரைவரை நானே பார்த்துக்கொள்வேன். உன் மனைவிக்கு என் அன்பும் பிள்ளைகளுக்கு முத்தங்களும். நீ நூறாண்டு வாழ வேண்டும், அத்தனை ஆண்டும் வரி வரியாக வெற்றிடத்தை எண்ணிக்கொண்டே வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அக்கா,
பொறுப்பாளர்

பின்குறிப்பு: லிஸ்ட்டுக்கு நகல் அனுப்பவில்லை. மழை அளக்கிறவர் டிரைவரில் நாற்பது வரி மாற்றி ஒரு பேட்ச் அனுப்பியிருக்கிறார். ஒரு வாரத்தில் பார்த்துச் சொல்வதாகக் கறாராக எழுதிவிட்டேன், இன்றோடு ஆறு நாள் ஆகிறது, ஒரு வரியும் புரியவில்லை. இப்போதைக்குத் தப்பிப்பதற்காகப் பதினேழாம் வரியின் கடைசியில் தேவையில்லாத இடைவெளி இருக்கிறது, திருத்தி மறுபடி அனுப்பவும் என்று பதில் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துவிடு. மடிக்கணினியை எடுத்து வா. யாரிடமும் சொல்லாதே.