டர்போ மீட்பு இயக்கமும் முனீஸ்வரியின் குட்டியானையும்

மனித குலம் இதுவரை செய்த மகத்தான காரியங்கள் இரண்டு. ஒன்று, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. மற்றொன்று, திண்டுக்கல்லில் நாங்கள் ஒரு பழைய டர்போ காருக்கு உயிர் கொடுத்தது. இடையில் நடந்ததெல்லாம் சில்லறைச் சமாச்சாரம். இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. 'திண்டுக்கல் பாரம்பரிய அதிவேக வாகன மீட்பு இயக்க'த்தின் செயலாளர் பிராங்கிளின் என்ற முறையில், முதல் தீர்மானத்தில் இருப்பதை அப்படியே ஒப்பிக்கிறேன்.

கார் 1986-இல் ஜப்பானில் பிறந்தது. இரண்டே கதவு. நெய்க்காரப்பட்டியில் ஒரு தென்னந்தோப்பில் கிடந்த அதன் பின்சீட்டில் பல தலைமுறைக் கோழிகள் முட்டையிட்டு வந்தன. எங்கள் தலைவர் இனிகோ பாத்திரக் கடை வைத்திருப்பவர். அதைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பிராங்கிளின், இது வண்டி இல்லப்பா, வரலாறு!" என்றார். வரலாற்றின் மேல் நிறைய எச்சம் இருந்தது. துடைத்துக் கொண்டுவந்தோம்.

டர்போ என்றால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். எஞ்சினிலிருந்து வீணாய் வெளியே போகும் சூடான காற்றைப் பிடித்து, ஒரு விசிறியைச் சுழற்றி, அதன் பலத்தில் வண்டியை இன்னும் வேகமாக ஓட்டுவது. வீணாய்ப் போகும் சூடான காற்றால் ஒரு காரியம் நடக்கும் என்பதை எங்கள் செயற்குழு உடனே நம்பியது. மாதம் இரண்டு கூட்டம் போடுகிறவர்கள் அல்லவா!

இலக்கு, கோயம்புத்தூர்ப் பக்கம் நடக்கும் 'டிராக் டே'. அவரவர் சொந்தக் காரைக் கொண்டுபோய்ப் பந்தயத் தடத்தில் இஷ்டத்துக்கு விரட்டலாம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. ரோட்டில் செய்தால் போலீஸ் பிடிக்கும் காரியத்தை அங்கே தலைக்கவசம் போட்டுக்கொண்டு கௌரவமாகச் செய்யலாம்.

காரைச் சீரமைக்கும் பொறுப்பை வத்தலக்குண்டு ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் ஞானதாஸிடம் கொடுத்தோம். அவருடைய தொழில்முறை உலகப் புகழ் பெற வேண்டியது. ஒரு வண்டிக்குச் சாமான் இல்லையென்றால், பக்கத்தில் நிற்கும் வண்டியிலிருந்து 'செத்த நேரத்துக்கு'க் கழற்றி மாட்டுவார். அந்த வண்டிக்கு அதற்கடுத்த வண்டியிலிருந்து எடுப்பார். ஜப்பானிலிருந்து சாமான் வருவது கஷ்டம் என்றதும், இந்த முறைக்கு 'உள்ளூர் வளம் திரட்டல்' என்று பெயர் சூட்டி ஏகமனதாக நிறைவேற்றினோம்.

அந்தச் சமயம் பார்த்து, ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை, சின்னாளப்பட்டி முனீஸ்வரியின் சின்னச் சரக்கு வண்டியான குட்டியானை ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தது. சுங்குடிச் சேலைகளை ஏற்றிக்கொண்டு தானே ஓட்டிப்போய் வத்தலக்குண்டுக் கடைகளுக்குப் போடுகிறவர் அவர். பிரேக் பிடித்தால் கீச்சென்று சத்தம் வருகிறதாம். "சாயங்காலம் வந்து எடுத்துக்கங்கக்கா" என்றார் ஞானதாஸ்.

எந்தச் சாயங்காலம் என்று அவர் சொல்லவில்லை. முதலில் குட்டியானையின் பேட்டரி வரலாற்றுக்குள் போனது. பிறகு ரேடியேட்டர் விசிறி, அப்புறம் டைனமோ. முனீஸ்வரி வாராவாரம் வந்தார்.

"ஏன் தம்பி, பிரேக்கு சத்தம் போடுதுன்னுதானே விட்டேன். இப்ப ஒத்தக் கண்ணோட நிக்குது?"

"லைட்ட செத்த நேரம் கழட்டிருக்கேன்க்கா. டெஸ்ட் பண்ணிட்டு மாட்டிருவேன்."

"பேட்டரி?"

"அதுவும் டெஸ்ட்லதான் இருக்கு."

"டிரைவர் சீட்டையுமா டெஸ்ட் பண்றீக?"

நிலைமையின் கண்ணியத்தைக் காப்பாற்ற நான் குறுக்கிட்டேன். "அம்மா, ஒங்க வண்டி சும்மா நிக்குதுன்னு நெனைக்காதீங்க. வரலாத்துல பங்கெடுத்துக்கிட்டு இருக்கு."

"வரலாறு வத்தலக்குண்டு போகுமா சார்? மூட்டையத் தலையில வச்சுக்கிட்டு பஸ்ஸுல போறேன். கண்டக்டர் வையிறாரு. தீவாளிக்குள்ள முழுச் சரக்கும் வரலைன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்னு கடைக்காரரு சொல்லிட்டாரு. அந்தக் கடை போச்சுன்னா என் பொழப்பே போச்சு சார்!" குரல் உடைந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் குறிப்பேட்டில் 'பயனாளி நெகிழ்ந்தார்' என்று எழுதிக்கொண்டேன்.

புரட்டாசியில் டிராக் டே வந்தது. சோதனை அதிகாரி பானட்டைத் திறந்தார். மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தார்.

"சார், இது ஜப்பான் வண்டிதானே?"

"பிறப்பு ஜப்பான். வளர்ப்பு திண்டுக்கல்" என்றார் இனிகோ.

அதற்கு மேல் கேட்க அவருக்குத் தெம்பில்லை, அனுமதித்துவிட்டார். இனிகோ ரிவர்ஸ் எடுத்தபோது, குட்டியானையிலிருந்து திரட்டிய ஹாரன், "வண்டி பின்னால் வருகிறது, தயவுசெய்து விலகவும்" என்று ஒரு பெண் குரலில் அறிவித்தது. கோடீஸ்வரர்களின் கார்களெல்லாம் விலகின. பிறகு முழுசாக நாலு சுற்று! டர்போ விசிலடித்தது. தலைவர் இறங்கிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். ஞானதாஸ் மட்டும் டைனமோவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படியொரு சாதனைக்கு விழா எடுக்காமல் விட்டால் அது ஊருக்கே இழுக்கு. தீபாவளிக்கு நாலு நாள் முன்பு, ஒர்க்‌ஷாப்புக்கு எதிரே உள்ள கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தோம். முனீஸ்வரிக்குப் 'பாகம் ஈந்த பெருந்தகை' என்ற பட்டமும், விழா முடிவில் வண்டியை ஒப்படைக்கும் வைபவமும் அழைப்பிதழிலேயே அச்சாகியிருந்தன. ஒரே ஒரு குறை. பதினோரு பிரமுகர்களுக்குப் பொன்னாடை வாங்க மறந்துவிட்டேன். தீபாவளி நேரத்து ஜவுளிக்கடைக்குள் மனுஷன் நுழைய முடியுமா? ஆனாலும் செயலாளர் என்றால் சும்மாவா. ரோட்டைத் தாண்டிப் போய்ப் பத்தே நிமிடத்தில் உள்ளூர் வளம் திரட்டி வந்துவிட்டேன்.

மேடையில் பதினோரு பேரும் சுங்குடிப் பொன்னாடையில் ஜொலித்தோம். ஒவ்வொருவருக்கும் போர்த்தப் போர்த்த சபை கை தட்டியது. "பொன்னாடைகளைத் தேடித் திரட்டிய நம் செயலாளருக்கு நன்றி!" என்று தலைவர் மைக்கில் முழங்கினார். பன்னிரண்டாவதை முனீஸ்வரிக்குப் போர்த்தி, மூன்றடி நீள அட்டைச் சாவி ஒன்றை அவர் கையில் கொடுத்தோம்.

"இது எதுக்கு? வண்டிய எடுத்துக்கலாம்னீங்களே?"

"இது முதல் கட்டம்மா. பேட்டரி, டைனமோவெல்லாம் அடுத்த கட்டத்துல" என்றார் இனிகோ.

முனீஸ்வரி சாவியைக் கீழே வைத்தார். தோளில் கிடந்ததை விரித்து, அதன் புள்ளிகளைத் தடவிப் பார்த்தார். பிறகு மேடையில் இருந்த எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மைக்கைப் பிடித்தார்.

"வண்டி ரெடின்னு சொன்னதால காலையில என் வண்டியில ஏத்தி வச்ச மூட்டை இது. வத்தலக்குண்டுக்குப் போக வேண்டிய தீவாளிச் சரக்கு. எல்லாரும் போத்திக்கிட்டு உக்காந்திருக்கீக! நல்லாருக்கா?"

அவர் வரிசையின் முதல் நாற்காலிக்குப் போனார். சிறப்பு விருந்தினரின் தோளிலிருந்து சேலையை உருவி, உதறி, நாலாக மடித்துக் கைமேல் போட்டுக்கொண்டார். அடுத்து தலைவர். அடுத்து பொருளாளர். பொன்னாடை என்றாலே கை தட்டிப் பழகிய சபை, ஒவ்வொரு உருவலுக்கும் கை தட்டியது.

கடைசி நாற்காலி என்னுடையது. நான் தோளைச் சற்றுத் தாழ்த்திக் கொடுத்தேன். முனீஸ்வரி அதைத் தொடவில்லை.

"நீங்களே குடுங்க சார்" என்றார், மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே. "களவாண்டவரு கையாலயே வாங்கிக்கிறேன்."

எழுந்து கொடுத்தேன். அன்றைக்குப் பெரிய கைதட்டல் எனக்குத்தான்.