சீல் அண்ணை மண்ணால் மூடிய திராட்சைத் தோட்டம்

சீல் அண்ணையைப் போலச் சந்தேகப்படுகிற மனிதர் ஒன்ராறியோ மாகாணத்திலேயே கிடையாது. தன் நிழல் பின்னால் வந்தாலும் 'நீர் ஆர்?' என்று விசாரித்துவிட்டுத்தான் மேலே நடப்பார்.

ஸ்காபரோவில் பழச்சாறு அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். போத்தல் மூடிகளின் சீல் சரியா என்று பார்ப்பது அவர் வேலை. அவர் ஒதுக்கியதைத் தள்ளிக்கொண்டுபோய்க் கொட்டுவது என் வேலை. அங்கே எனக்குக் கீழே இருந்தது அந்தத் தள்ளுவண்டி மட்டும்தான். வேலை முடிந்த பிறகும் அண்ணையின் கண் ஓயாது. கல்யாண வீட்டில் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தால் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார். மாப்பிள்ளையை அப்படிப் பிடித்துப் பார்க்க விடுகிறார்கள் இல்லையே என்பது அவருக்கு ஒரு குறை.

ஒரு பிறந்தநாள் விருந்தில் யாரோ அவர் கையில் வைனைக் கொடுத்தார்கள். பிடித்துவிட்டது. அங்கேதான் வினை. பிடித்த பொருளில் அவருக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். உள்ளே என்னத்தைக் கலந்தார்களோ என்று, மில்லிக்கன் பகுதியில் இருந்த தன் வீட்டு பேஸ்மென்டில் தானே செய்யத் தொடங்கினார். கண்ணாடிக் குடுவைகள் களக் களக்கென்று குமிழி விட, வந்த விருந்தாளிகள் எழும்பிப் போய்த் தண்ணீர்க் குழாயை இறுக்கி மூடினார்கள்.

வைன் நன்றாகவே வந்தது. உடனே, வாங்கிய திராட்சையில் சந்தேகம். எவன் எந்த மருந்தை அடித்தானோ?

"கொடியில இருந்து நான் பாக்கவேணும் தம்பி. இல்லாட்டிக் குடிக்கேலாது."

வேறு யாரும் என்றால் குடியை விட்டிருப்பார்கள். அண்ணை வீட்டை விற்றார். ரொறன்ரோவிலிருந்து கிழக்கே இரண்டரை மணித்தியால ஓட்டத்தில் நிலம் வாங்கிக் கொடி நட்டார். அவர் மனைவி ராணி அக்கா, இரண்டு மகள்மார் எல்லோரும் தோட்டக்காரர் ஆனார்கள். சனிக்கிழமைகளில் நானும் போனேன். புறப்படும்போது, கொடித்துண்டு ஏதும் கடத்துகிறேனா என்று என் ஜக்கெட் பையைத் தட்டிப் பார்ப்பார். தன் மகள்மாரின் பையையும் தட்டுவார் என்பதால் நான் கோபிக்கவில்லை.

அந்தப் பக்கத்துக் குளிர் கொடியைக் கொன்றுவிடும். ஆகவே பனிக்கு முன்பே கொடிகளைத் தாழ்த்திக் கட்டி மண்ணால் மூடிவிட வேண்டும். வசந்தம் வரை தொடக்கூடாது. மூடி என்றால் திறந்து பார்த்தே பழகிய மனிதருக்கு, ஐந்து மாதம் திறக்கக்கூடாத மூடி! முதல் வரிசையை அண்ணை நூல் பிடித்தது மாதிரி மூடினார். கடைசி வரிசை என்னுடையது. பார்த்தால் ஒட்டகங்கள் வரிசையாகப் படுத்திருப்பது போல இருந்தது.

தை மாதம் ராணி அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

"இந்த மனுசன் கொடியைத் தோண்டிப் பாக்கவெண்டு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வெளிய போயிட்டுது. கொடி செத்தால் எங்களுக்குத் திரும்பிப் போக மில்லிக்கன்ல வீடும் இல்லை. நீர் சொன்னாலாவது கேக்கும்."

நான் அண்ணையை அழைத்தேன். எடுக்கவில்லை. அழைப்பது நான்தானா என்று சந்தேகம் வந்திருக்கும். அதற்குள் உறைந்த மண்ணை உடைத்து, கொடி உயிரோடுதான் இருக்கிறது என்று பார்த்துத் திருப்தியாகியிருக்கிறார். ஆனால் உடைத்த கட்டிகளைத் திரும்ப அடுக்கினால் இடைவெளி விடும். குளிர் உள்ளே புகுந்துவிடும்.

சித்திரையில் மண்ணை விலக்கினோம். தோண்டிய இடத்தில் பாதி வரிசை கருகிக் கிடந்தது. அக்கா அண்ணையின் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார். அதுவே பெரிய ஏச்சு. அடுத்த வரிசை பச்சையாக இருந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. கடைசியில் என் ஒட்டகங்களையும் விலக்கினோம். எல்லாக் கொடியும் உயிரோடு இருந்தது. அக்கா மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிலத்திலேயே குந்திவிட்டார்.

செத்த பாதி, அண்ணை தன் கையால் மூடிய முதல் வரிசை. எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணை, தோண்டுறதெண்டால் என்ர வரிசையை எல்லோ தோண்டியிருக்கவேணும்?"

அவர் ஒரு மண்கட்டியைக் காலால் உடைத்துக்கொண்டு நின்றார்.

"நான் மூடினதிலதான் எனக்குச் சந்தேகம். நீ மூடினதில வரேல்லை."

இப்போது அங்கே வைன் சுவைக்கும் அறை இருக்கிறது. மகள்மார் ஊற்றிக் கொடுக்கிறார்கள். வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு புகழ்கிறார்கள். எனக்கு வைன் பற்றி ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு கார்த்திகையும் போய்க் கடைசி வரிசையை மூடிவிட்டு வருவேன். அண்ணை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதனாலேயே, காரில் ஏறிய பிறகும் இறங்கிப் போய் இன்னும் ஒரு மண்வெட்டி மண் போட்டுவிட்டு வருகிறேன்.