மல்லாக்க பாயும் மாமனாரின் ஃபைபர் காரும்

உலகத்தில் எல்லாப் பொருளையும் அடியிலிருந்து மட்டுமே பார்த்த ஒரே மனிதர் எங்கள் கும்மிடிப்பூண்டி மல்லாக்க பாய்தான். வீட்டில் வைத்த பெயர் என்னவென்று அவருக்கே நினைவிருக்குமா என்பது சந்தேகம். சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் ஒரு தகர ஷெட். அதில் எந்நேரமும் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பார். அங்கே நான் வேலை பார்க்கும் கம்பெனியில் பாதிப் பேருக்கு அவருடைய குரல் தெரியும், முகம் தெரியாது.

டீக்கடையில் காலி கிளாஸை வாங்கி, தலைக்கு மேல் தூக்கி, அடியைப் பார்த்த பிறகுதான் டீ ஊற்றச் சொல்வார். நாற்காலி போட்டால் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். ஒருமுறை இடுப்புப் பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சரில் ஏற மாட்டேன் என்றுவிட்டார்.

"சக்கரம் ஒண்ணு லூசா கீது சிஸ்டர். மொதல்ல அத்த பாருங்க, அப்பால என்னப் பாக்கலாம்" என்றாராம். சக்கரத்தை அவரே முடுக்கிவிட்டு நடந்தே வீடு திரும்பினார் என்று சொல்கிறவர்களும் உண்டு.

பாய்க்குச் சொந்த ஊர் பழவேற்காடு. அங்கே ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுவதில் பெரிய கை. பிறகு இங்கே வந்து கம்பெனிகளுக்கு ஃபைபர் தொட்டி, லாரிகளுக்கு மட்கார்டு என்று செய்துகொண்டிருந்தார். என் மனைவி செல்வியால்தான் நான் அவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

செல்வியின் அப்பா விட்டுப்போன சொத்து ஒரு கார். எண்பதுகளில் வந்தது, இரண்டே கதவு, உடம்பு முழுக்க ஃபைபர். கதவைத் தட்டினால் பிளாஸ்டிக் வாளியைத் தட்டிய சத்தம் வரும். செல்வி வண்டி ஓட்டக் கற்றதே அதில்தான். ரிப்பேர் எதுவானாலும் அப்பாவே பார்த்துக்கொள்வார், வேறு யாரையும் கை வைக்க விடமாட்டார் என்று எல்லாரிடமும் சொல்வாள். மாமனார் போன பிறகு பெரியபாளையம் வீட்டில் சும்மா நின்றது. ஆர்.சி. புதுப்பிக்க ஒரு மாதம்தான் பாக்கி. அடிப்பாகம் இதே லட்சணத்தில் இருந்தால் அடுத்த தடவை கையெழுத்துப் போட மாட்டேன் என்று போன தடவையே ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். கையெழுத்து இல்லையென்றால் வண்டியை உடைக்கத்தான் கொடுக்க வேண்டும்.

"எங்கப்பா வண்டிய ஒடைக்கக் குடுத்தீங்கன்னா, நானும் உள்ள ஏறி ஒக்காந்துக்குவேன்" என்றாள் செல்வி. சொன்னால் செய்கிற ஆள். மறுநாளே வண்டியைக் கட்டி இழுத்துவந்து பாயின் ஷெட்டில் விட்டேன்.

பாய் வண்டிக்கு அடியில் போனார். அரை மணி நேரம் ஆகியும் வெளியே வரவில்லை. குனிந்து கூப்பிட்டேன்.

"வண்டி எங்க சார் கீது? வெறும் தார்தான் கீது" என்று பதில் வந்தது. முப்பது வருஷத்துத் தார்ப் பூச்சு, அதற்கு மேல் சேறு, அதற்கு மேல் இன்னொரு தார். உள்ளே இரும்புச் சட்டம் துருப்பிடித்திருக்கிறது, ஃபைபர் கல்லடி பட்டு வெடித்திருக்கிறது என்றார்.

மூன்று நாள் கழித்து நானும் செல்வியும் போனோம். காலமெல்லாம் தான் மல்லாந்து கிடந்த மனிதர், இந்தத் தடவை காரை மல்லாக்கப் போட்டிருந்தார். சட்டத்திலிருந்து உடம்பைக் கழற்றி, எட்டுப் பேரை வைத்துத் தூக்கி, பழைய டயர்கள் மேல் கவிழ்த்து வைத்திருந்தார். செல்வி அலறிவிட்டாள்.

"இன்னா பாய் இது, எங்கப்பா வண்டிய கவுத்துப் போட்டுட்டீங்க!"

"படகுன்னா கவுத்துத்தாம்மா வேல செய்யணும்."

"இது காரு பாய்!"

"அது மேல இருந்து பாக்கறவங்களுக்கு" என்றார் பாய், மரச்சில்லால் தாரைச் சுரண்டியபடி.

கம்பி பிரஷ், மிஷின் எதையும் ஃபைபர் பக்கம் விடவில்லை. போட்டால் நார் நாராகப் பிய்ந்துவிடுமாம். மரச்சில், மண்ணெண்ணெய்த் துணி, பிறகு உப்புத்தாள். உப்புத்தாள் போட்ட அன்று பக்கத்தில் ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தேன். வீட்டுக்குப் போய் நன்றாக வெந்நீரில் குளித்தேன். மறுநாள் மீட்டிங்கில், மேனேஜர் உற்பத்தி ஏன் குறைந்தது என்று கேட்க, நான் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டே பதில் சொன்னேன். பாயிடம் போய் அழுதேன்.

"வெந்நீல எவனாச்சும் குளிப்பானா சார்? பச்சத் தண்ணில குளிக்கணும். சூட்டுல தோலு தொறந்துக்கும், ஃபைபர் தூளு உள்ள பூந்துக்கினா பேஜாரு" என்றார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

ஆனால் வேலை என்றால் வேலை. சட்டத்தைச் சுரண்டி, மறுபடி துருப்பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு அடித்து, கறுப்புப் பெயின்ட் பூசினார். ஃபைபரில் வெடித்த இடமெல்லாம் ரெசின் பசை ஊற்றி ஒட்டுப் போட்டு, மேலே வெள்ளைப் பூச்சு கொடுத்தார். இலை போடாமல் அதில் சாப்பிடலாம் போலப் பளபளத்தது. கடைசியில் உடம்பை நிமிர்த்திச் சட்டத்தில் மாட்டிவிட்டு, பெருமையாக ஒரு செய்தி சொன்னார்.

"வண்டித் தரையில பதினோரு ஓட்ட சார். எல்லாத்தையும் அடச்சிட்டேன்."

நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். உள்ளே வரும் தண்ணீர் வெளியே போவதற்காகக் கார் செய்தவன் விட்ட ஓட்டைகள் அவை என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. படகின் அடியில் ஓட்டையைப் பார்த்துவிட்டுச் சும்மா வருகிறவனைப் பழவேற்காட்டில் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள்.

ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போன அன்று பார்த்து மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. செல்வி ஓட்டினாள், பாய் முன்னால், நான் பின்னால். கதவு ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கியது. பாதி வழியில் கணுக்கால் நனைந்தது. செல்வியின் செருப்பு ஒன்று மிதந்து என்னிடம் வந்தது.

"பாத்தீங்களா சார், ஒரு சொட்டு வெளிய போவல!" என்றார் பாய்.

"உள்ள வருதே பாய்!"

"அது மேல் பக்கம் சார். அத்த நான் தொடவே இல்ல."

பிரேக் இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்தார். தண்ணீர் மொத்தமும் அவர் ஷூவில் இறங்கியது. அவர் காலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஃபைலை மூடினார். செல்விக்கு முகம் வெளிறிவிட்டது. வண்டி போச்சு என்றே நானும் நினைத்தேன்.

"தண்ணிய உடுங்க சார். கீய வந்து பாருங்க" என்று பாய் கோணிப்பையை விரித்தார். எப்படி மசிந்தாரோ, இன்ஸ்பெக்டரும் படுத்துவிட்டார். வெளியே நான்கு கால்கள் மட்டும் தெரிந்தன. வெகுநேரம் கழித்து இன்ஸ்பெக்டரின் குரல் கேட்டது.

"எல்லாம் இவ்வளவு சுத்தமா பண்ணிட்டு, இந்த ஓர் இடத்தை மட்டும் ஏன்யா கோணல்மாணலா விட்டிருக்கே?"

"அது இந்தம்மாவோட அப்பா போட்ட ஒட்டு சார். தாரு எடுக்க சொல்லோ கண்டேன். ரெசின் காயறதுக்குள்ள கையால அமுக்கிகிறாரு. அஞ்சு வெரலும் அப்பிடியே கீது. வேல சுமாருதான். ஆனா இன்னிவரைக்கும் புட்டுக்கல. அதான் நான் கை வெக்கல."

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து சட்டையைத் துடைத்துக்கொண்டார். பானட் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஓட்டைகளைத் திறந்துவிட வேண்டும் என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். படகை மூழ்கடிக்கச் சொன்னதுபோல் பாயின் முகம் ஆகிவிட்டது.

செல்வி காகிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டாள்.

"அப்பாவோட சுண்டு வெரலுதாங்க. வளைஞ்சிருக்கு பாருங்க" என்றாள். உள்ளிருந்து விசும்பல் கேட்டது.

பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்து நான்காக மடித்துக் குனிந்து உள்ளே நீட்டினார்.

"தலைய ஈரத்துல வெச்சிக்கினு அயுவாதம்மா. சளி புடிச்சிக்கும். இத்த வெச்சிக்கினு அயு" என்று அதட்டினார்.

அவளுடைய அப்பா போன பிறகு அப்படி உரிமையாக அவளை யாரும் அதட்டியதில்லை. அந்த ஆளை அந்த நிமிஷம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது.