என் இடுப்பில் ஒரு சாவி

கிறீச்... டொக்.

என் அப்பா இரும்புப் பெட்டியைப் பூட்டும் சத்தம். ஆறு வயதில் கேட்டது. அந்த ‘டொக்’ விழுந்தால் வீடே பேச்சை நிறுத்திவிடும். அப்பா போனபின் பெட்டி எனக்கு வந்தது. சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். தினமும் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். திறந்து பார்த்ததில்லை. என் மனைவி சின்னக்குழந்தை பேச்சை நிறுத்தியதும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன், கார்த்திகையில் மூன்று நாள் அடைமழை. எங்கள் ஊருக்கு மேலே மலை வெடிப்பு விட்டுவிட்டது. கிராம அலுவலர் குடையோடு ஓடி வந்தார். “அரை மணி நேரம்! ஆளுக்கு ஒரு மூட்டை! எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு!”

கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாக நான் ஒரு முடிவெடுத்தேன்.

“சட்டிபானை எதுவும் வேணாம். பெட்டி மட்டும்!”

பெட்டிக்குள் அப்பாவின் பழைய சாதிச் சான்றிதழ். அதன் அசலைக் காட்டினால்தான் எங்கள் மகள் ரம்யாவுக்குச் சான்றிதழ் கிடைக்கும். கிடைத்தால்தான் நர்சிங் படிப்பு. அடுத்த மாதம் அசலைக் கொண்டுவரச் சொல்லித் தாலுகா ஆபீசில் சொல்லியிருந்தார்கள்.

“புளி?” என்றாள் சின்னக்குழந்தை. “ஒரு வருசத்துப் புளிங்க. கொட்ட எடுத்து, நார் எடுத்து, உப்பு போட்டு...”

“மலையே வருது. ஒனக்குப் புளி கேக்குதா?”

“சரிங்க.”

இருபத்திரண்டு வருடத்தில் அவள் சொன்ன முதல் ‘சரிங்க’. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

“வெதச் சாமையாவது எடுத்துக்கறேங்க” என்று சுரைக்குடுக்கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். பெரிய மனது பண்ணி அனுமதித்தேன். பெட்டியை அவளே என் தலையில் ஏற்றிவிட்டாள்.

“வுட்றாதீங்க. பத்திரம்.”

கழுத்து தோளுக்குள் இறங்கியது. அரசாங்கக் காகிதம் கனமாகத்தான் இருக்கும் என்று தேற்றிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் சேற்றில் நடந்தேன். பின்னால் பக்கத்து வீட்டு சேட்டு.

“இன்னாண்ணா, புளி வாசன அடிக்குது?”

“மண் வாசனடா.”

“மண்ணுக்கு எச்சில் ஊறுமாண்ணா?”

பள்ளிக்கூடத்தில் அலுவலர் சொன்னார்: “முக்கியமான காகிதமெல்லாம் நனையாம இருக்குதா, பாத்துக்குங்க!”

கூடத்தின் நடுவில் பெட்டியை இறக்கினேன். சாவியை எடுத்தேன். டொக். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அப்பா, பார்த்தாயா! கிறீச்.

புளி. ஓலைப்பாயில் சுருட்டிச் சுருட்டி, பெட்டி நிறையப் புளி.

ரம்யாவின் முகம் வெளுத்துவிட்டது. “காகிதம் எங்கடி?” என்றேன். மனைவி பக்கம் திரும்பினேன்.

சின்னக்குழந்தை சுரைக்குடுக்கைக்குள் கைவிட்டாள். சாமைக்குள்ளிருந்து, பிளாஸ்டிக் பையில் சுருட்டிய சான்றிதழ் வந்தது. ஒரு சொட்டு ஈரமில்லை.

“பெட்டியில கரப்பான் கடிக்கப் பாத்துச்சி. ஆடியிலயே காகிதத்த இதுல மாத்திட்டு, பெட்டியில புளிய வச்சிட்டேன்.”

“சாவி எங்கிட்ட இருக்குதே!”

“பின்னாடி கீல்ல ஆணிய உருவுனா தெறந்துக்கும்ங்க.”

“கெளம்பும்போதே சொல்றதுக்கு இன்னா?”

“சொல்லியிருந்தா புளிய யாருங்க தூக்கியிருப்பாங்க?”

மலை வரவில்லை. ஐந்து நாள், அறுபது பேர் அந்தப் புளியில்தான் குழம்பு சாப்பிட்டோம். நானும் வெட்கமில்லாமல் இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டேன்.

ரம்யா இப்போது வேலூரில் நர்சிங் படிக்கிறாள். ஏதாவது காகிதம் வேண்டுமென்றால் அம்மாவுக்குத்தான் போன் செய்கிறாள்.